குடும்பத்தார் வரிசை

தொகுரா மசுமியை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, "ஹருயோ சான், நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு சிநேகிதமா இருந்தீங்க" என்று இழுக்க வேண்டாம். சிநேகிதமாகத்தான் இருந்தோம். ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்துக்காகத்தான் பிடிக்காது.

எங்கள் சங்கம் சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு, ஒசாகாவை ஒட்டிய சகாய் நகரில் டிராம் பாதைக்குப் பின்னால் இருக்கும் வார்டு மன்றத்தின் மாடியில் கூடும். குடிவிட்டோர் சங்கம், கிழக்குக் கிளை. குடித்துக் கெட்டுப் பிறகு விட்டவர்கள் ஜன்னலோரம் உட்காருவார்கள். அவர்களால் கெட்ட பெண்டாட்டிமார் எதிரே சுவரோரம் உட்காருவோம். எங்கள் வரிசைக்குக் குடும்பத்தார் வரிசை என்று பெயர். என் மனதுக்குள் எங்களுக்குச் சாட்சிகள் என்று பெயர், எதிரே இருப்பது குற்றவாளிக் கூண்டு. அங்கே சொந்தப் பெயரைச் சொல்லித்தான் பேச வேண்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் வாய் திறக்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. கேட்டதையெல்லாம் படியிறங்கும் முன் மறந்துவிட வேண்டும். கடைசி விதியை யாரும் கடைப்பிடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் கஜிதானி இசாவோ, குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருஷம் குடித்தார். விட்டு ஆறு வருஷம் ஆகிறது. வாராவாரம் எழுந்து நின்று, "கஜிதானி இசாவோ. இந்த வாரமும் குடிக்கல. பெண்டாட்டிக்கு ரொம்பக் கஷ்டம் குடுத்துட்டேன்" என்பார், உட்கார்ந்துவிடுவார். ஆறு வருஷமாக அதே மூன்று வாக்கியம். நாலாவதாக ஒன்று வராதா என்று நானும் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வருகைப் பதிவேடு என் கையில். அதில் இரண்டு பத்திகள்: உறுப்பினர், குடும்பத்தார். படியேறி வருகிறவர்களை நிறுத்திப் பெயர் கேட்டு எழுதி, டீ ஊற்றிக் கொடுத்து, நாற்காலி காட்டுவது என் வேலை.

மசுமி வந்தது நவம்பரில், ஒரு மழை நாளில். ஐம்பத்து மூன்று வயது இருக்கும். தொப்பி போட்டுப் போட்டுப் படிந்துபோன குட்டை முடி. கை இரண்டும் வெந்த இறால் நிறத்தில் சிவந்து, வெளுப்பு மருந்து வாசனை அடித்தது. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறவள் என்று பிறகுதான் தெரிந்தது. கடைசிப் படியில் நின்றுகொண்டு உள்ளே வராமல் குடையை உதறிக்கொண்டே இருந்தாள். எவ்வளவுதான் உதறுவது!

அதுவரை அந்தப் படிகளில் ஏறிய பெண்கள் எல்லாரும் ஒரு ஆண்பிள்ளைக்குப் பின்னால் ஏறியவர்கள், அல்லது வர மறுத்த ஆண்பிள்ளைக்குப் பதிலாக ஏறியவர்கள். அதனால் நான் வேறு மாதிரி யோசிக்கவே இல்லை.

"வீட்டுக்காரர் வரலியா?" என்றேன்.

"அவர் வரமாட்டேன்னுட்டார்."

"மொதல்ல எல்லா ஆம்பளையும் அப்படித்தாம்மா. எங்க வீட்டு மகராசனைக் காதைப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். பேர் சொல்லுங்க."

"யார் பேர்?"

"அவர் பேர்தான். வேற யார் பேர்?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "தொகுரா ஷுஹெய்" என்றாள். உறுப்பினர் பத்தியில் தொகுரா ஷுஹெய், 'வரவில்லை' என்று எழுதினேன். குடும்பத்தார் பத்தியில் அவள் பெயர். என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள்.

மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. நாலாவது வாரம் தலைவர் முரகிஷி குடும்பத்தார் வரிசையைப் பார்த்துத் தலையசைத்ததும் எழுந்தாள். முரகிஷி ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர். ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்துகிறவர் போலக் கையைத் தூக்குவார்.

"அரிசி டப்பாவுக்குள்ள ஷோச்சூ சாராய பாட்டில் இருக்கும்" என்று ஆரம்பித்தாள். "துணி தொவைக்கிற மெஷினுக்குப் பின்னால இன்னொண்ணு. காலையில நாலு மணிக்கு அவருக்கு முழிப்பு வந்துரும். கை நடுங்கும். யாரும் பாத்துரக் கூடாதுன்னு இன்னொரு கையால புடிச்சுக்குவார். அந்தக் கையும் நடுங்கும். இன்னிக்கு ஒருநாளாவது குடிக்கக் கூடாதுன்னு அழுவார். நெசமாத்தாங்க அழுவார், நடிப்பு இல்ல. அழுதுகிட்டே அரிசி டப்பாவைத் தொறப்பார்."

ஜன்னல் வரிசையில் பதினாலு ஆண்கள். ஒருவர்கூட இருமவில்லை. இசாவோ தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது டிராமில், நான் கேட்காமலே, "அந்தம்மா சொன்னது சரி" என்றார். ஆறு வருஷத்தில் நாலாவது வாக்கியம். என் புருஷனுடைய நடுக்கத்தை இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் படுத்திருந்த நான் தெரிந்துகொள்ளவில்லை. வந்து ஒரு மாதம் ஆகாத சமையல்காரி சொல்லித் தெரிந்துகொண்டேன். பொறாமையாக இருந்தது. ஆனாலும் அவளை விடவில்லை, ஒட்டிக்கொண்டேன்.

கூட்டத்துக்கு முன்னால் ஐந்து மணிக்கே சூப்பர் மார்க்கெட் வாசலில் சந்திப்போம். பயறுப் பூரணம் வைத்த மீன் வடிவப் பணியாரம் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காருவோம். அங்கேதான் அவளுடைய மகள் விஷயத்தைச் சொன்னாள். மகள் பெயர் மிஹோ. அப்போது வயிற்றில் குழந்தை.

"ஒரு வருஷம் குடிக்காம இருந்து, சங்கத்துல குடுக்கற பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டணுமாம். அப்பதான் புள்ளையைத் தூக்க விடுவாளாம்" என்றாள் மசுமி. "கண்டிப்பாச் சொல்லிட்டா."

"உங்க வீட்டுக்காரர் கையிலதானே குடுக்க மாட்டா? நீங்க தூக்கலாமே."

"அவர் தூக்கற வரைக்கும் நானும் தூக்க மாட்டேன்."

என்ன பெண் இவள் என்று நினைத்தேன். அந்தத் தறுதலைக்கு இப்படி ஒரு பத்தினியா!

தறுதலை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அவள் சொன்னதைக் கேட்டவர்கள் யாரும் அதற்குக் குறைவாகச் சொல்ல மாட்டார்கள். அப்போது மிஹோவுக்கு ஆறு வயதாம். மழையில் குழந்தையைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, நிற்கவே முடியாத நிலையில், மிதித்துப்போய்ச் சாக்கடையில் விழுந்தாராம். குழந்தைக்கு மோவாயில் நாலு தையல். ஆஸ்பத்திரியில் நாய் குறுக்கே வந்தது என்று சொன்னாராம். குழந்தையும் ஆமாம், நாய் என்றதாம்.

"அந்த ஆள் மட்டும் என் கையில கெடைச்சா, வெளக்குமாறு பிய்யப் பிய்ய அடிப்பேன்" என்றேன் படியிறங்கும்போது.

"அடிக்கணும்தான்" என்றாள் மசுமி.

இதற்கிடையில், வராத அந்த ஷுஹெய் எங்கள் கிளைக்குப் பெரிய ஆளாகிவிட்டார். வாராவாரம் மசுமி எழுந்து, "அவர் இந்த வாரமும் தொடல" என்பாள். நான் பதிவேட்டில் ஒரு வட்டம் போடுவேன். முரகிஷிக்கு ஒரே பெருமை. "கூட்டத்துக்கே வராம, பெண்டாட்டி வந்து சொல்றதைக் கேட்டே ஒரு மனுஷன் விட்டிருக்கான்னா, அதுக்குப் பேர் வைராக்கியம். தொகுராவைப் பாத்துக் கத்துக்கங்கடா" என்று ஜன்னல் வரிசையைக் கடிந்துகொள்வார். பழைய இரும்பு வியாபாரி ஒரிபே மூன்று முறை விட்டு மூன்று முறை மறுபடி விழுந்தவன். அவனுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

நான் போட்ட நாராஸுகே ஊறுகாயை ஒருமுறை கொண்டுபோய் நீட்டினேன். சாக்கே என்ற அரிசி மது வடித்த சக்கையில் ஊறிய பூசணித் துண்டு. எல்லாப் பெண்களும் எடுத்தார்கள். மசுமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். புருஷனுக்காக ஊறுகாய் வரைக்கும் விரதமா என்று கேலி செய்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான் துண்டுப் பூசணியை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

நானும் ஒன்று சொன்னேன் அவளிடம். யாரிடமும் சொல்லாததை, அந்தப் பெஞ்சில்.

"ஆறு வருஷமா அவர் தூங்கறப்ப மூக்கைக் கொண்டுபோய் வாயை மோந்து பாக்கறேன். வாடை இருக்காது. சில நாள் வாடை வரணும்னு வேண்டிக்கறேன் மசுமி சான். வந்தா, பொட்டியைக் கட்டிட்டுப் போயிரலாம்ல? இப்ப போகவும் முடியல. நல்லவராயிட்டார்னு ஊரே சொல்லுது."

அவள் சிவந்த கையை என் கைமேல் வைத்தாள். ஒரு பெண்டாட்டியின் கை என்று நினைத்துப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நவம்பர் வந்தது. முரகிஷி இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தூரிகையால் தன் கைப்படப் பாராட்டுப் பத்திரம் எழுதி முடித்தார். 'தொகுரா ஷுஹெய் அவர்களுக்கு. ஓராண்டு.' பெயரை மட்டும் ஏழு தாளில் பழகினாராம். இவ்வளவு தூரம் வந்த மனிதர் அன்றைக்காவது நேரில் வந்து வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது. மசுமியிடம் கேட்டால் வழக்கம்போல மழுப்புவாள். புதன்கிழமை சாயங்காலம், அவள் இன்னும் வேலையிலிருந்து திரும்பாத நேரமாகப் பார்த்து வீட்டு எண்ணுக்குப் போன் போட்டேன். மிச்சத்தை எல்லாம் என் தலையில்தான் கட்ட வேண்டும். ஆனால் நான் நல்லது நினைத்துத்தான் போட்டேன்.

"தொகுரா வீடுங்களா? குடிவிட்டோர் சங்கத்துலேர்ந்து பேசறேன். உங்களுக்கு வாழ்த்துச் சொல்லத்தான்."

"எனக்கா? எதுக்கு?"

"ஒரு வருஷம் தாண்டிட்டீங்களே! சனிக்கிழமை நீங்களே வந்து பத்திரத்தை வாங்கிக்கிட்டா எங்களுக்கெல்லாம்..."

"இருங்க, இருங்க. நான் இப்ப ஒரு கையில போனும் ஒரு கையில பீரும் வச்சுகிட்டுப் பேசிட்டிருக்கேன்."

"அய்யய்யோ! எத்தனை நாளா?"

"இருவது வயசுலேர்ந்து. தெனம் ஒரு பாட்டில், சாப்பாட்டோட. அளவா. யாருங்க நீங்க? குடிகாரி அவதான். நான் என்னத்துக்கு அங்க வரணும்? சீக்கு அவளுக்கு, மருந்து எனக்கா?"

ரிசீவரை வைத்துவிட்டேன். ரிசீவர் பிடித்த என் கையைப் பார்த்தேன். அன்று பெஞ்சில் அந்தக் கையைத்தான் அவள் பிடித்திருந்தாள். எவளிடம் போய் என் வீட்டு வாடையைச் சொல்லியிருக்கிறேன்! எதிர் வரிசைக்காரியிடம். உளவு பார்க்க வந்தவளிடம்.

மறுநாள் நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தின் பின்வாசலில் போய் நின்றேன். பெரிய அலுமினிய அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அவள் ரப்பர் பூட்ஸோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"ஊறுகாயை ஏன் தொடலன்னு இப்பதான் தெரியுது" என்றேன்.

"ஹருயோ சான்..."

"சானும் வேணாம், கீனும் வேணாம். ஒரு வருஷமா எங்க நடுவுல உக்காந்து வேடிக்கை பாத்தீங்களா? நாங்க அழுததெல்லாம் உங்களுக்குக் கூத்தா?"

அவள் பூட்ஸைக் கழற்றாமலே அண்டா மேடையில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல தேவாலயத்துல நடக்கற கூட்டத்துக்குப் போனேன்" என்றாள். "அங்க சொந்தப் பேரே சொல்ல வேணாம். நிம்மதியா உக்காந்தேன். பக்கத்துல இருந்தவர், 'நீங்க ஸ்கூல் சமையலம்மாதானே? உங்க கறிச்சோறுன்னா எம் பையனுக்கு உசிரு'ன்னார். நல்ல மனுஷன், யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டார். ஆனா மறுநாள் அந்தப் பையன் தட்டை நீட்டினப்ப என் கரண்டி ஆடிருச்சு. அப்புறம் அங்க போகல. ஆஸ்பத்திரிக் கூட்டம் செவ்வாக்கெழமை காலையில பத்து மணிக்கு. பத்து மணிக்கு நான் நானூறு பேருக்கு வெங்காயம் அரியணும். பொம்பளைங்களுக்குன்னு ஒண்ணு இருக்கு, மாசத்துக்கு ஒருதடவை, அங்க ஒசாகா வடக்குல. மிச்ச இருவத்தொம்போது நாள் நான் என்ன பண்றது?"

"அதனால எங்க தலையில மொளகா அரைச்சீங்க."

"உண்மையச் சொல்லத்தான் ஏறி வந்தேன். கடைசிப் படியில நின்னு எட்டிப் பாத்தேன். ஜன்னலோரம் பூராவும் ஆம்பளைங்க. அப்ப நீங்க, 'அவர் பேர் என்ன'ன்னு கேட்டீங்க. அவ்ளோ சுலபமா இருந்துச்சு."

"அப்ப தப்பு என்னுது?"

"இல்ல. நாற்காலி போட்டது நீங்க. உக்காந்தது நான்."

"பத்திரத்துல உங்க வீட்டுக்காரர் பேர் இருக்குமே. அதை மககிட்ட எப்படிக் காட்டறதா இருந்தீங்க?"

"சனிக்கெழமைக்குள்ள ஏதாவது நடக்கும்னு நெனச்சேன்."

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று, இவள் அசல் குடிகாரிதான். சனிக்கிழமைக்குள் ஏதாவது நடக்கும் என்றுதான் இசாவோவும் இருபத்திரண்டு வருஷம் ஓட்டினார்.

"நீங்களே எந்திரிச்சு எல்லாத்தையும் சொல்றீங்க. இல்லன்னா நான் சொல்வேன்" என்றேன்.

"அன்னிக்கு மிஹோ வர்றா. நான்தான் பத்திரம் குடுக்கறாங்க, வந்து பாருன்னு கூப்பிட்டேன். புள்ளையோட வர்றா."

"ரொம்ப நல்லது. சாட்சிக்கு ஆளாச்சு."

"ஒரு சொட்டு தொடல. நான் சொன்ன மத்ததெல்லாம் பொய்யா இருக்கலாம், அது மட்டும் பொய் இல்ல."

"குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அப்போது மனசுக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமையே முரகிஷிக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டேன். அவள் சொல்வதற்கு முன்பே நான் சொன்னது பேச்சு மீறியதுதான். முரகிஷி போனில் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஏழு தாள் எழுதினேன்" என்றார்.

சனிக்கிழமை மாடி ஏறியதும் வழக்கமான சலசலப்பு இல்லை. பெண்கள் தங்கள் பைகளை நாற்காலிகளில் வைத்து இடத்தை அடைத்திருந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் நானே பதிவேட்டை வைத்திருந்தேன். மசுமி வந்தாள். பின்னாலேயே மகள், தோளில் ஐந்து மாதக் குழந்தை. மிஹோவுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொன்னாள். நிமிரும்போது பார்த்தேன். மோவாயில் வெள்ளையாக ஒரு கோடு, அதன் இரண்டு பக்கமும் தையல் புள்ளிகள்.

பதிவேட்டை எடுத்துவிட்டு அந்த நாற்காலியை மகளுக்குக் கொடுத்தேன். மசுமிக்கு யாரும் கொடுக்கவில்லை. நடுவில் நின்றாள்.

"தொகுரா மசுமி" என்றாள். "நான் குடிகாரி. இந்த ஒரு வருஷமா நீங்க எல்லாரும் வாழ்த்தினது என் வீட்டுக்காரரை. அவர் சும்மா இருந்தார், அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. நீங்க திட்டின ஆளு நான்தான். அரிசி டப்பா என்னுது. சைக்கிளை மிதிச்சது நான். நாய் ஒண்ணும் வரல."

மிஹோவின் தலை சட்டென்று நிமிர்ந்தது.

பேசும்போது குறுக்கிடக் கூடாது என்பது விதி. அன்றைக்கு அந்த விதி செத்தது. முதலில் ஒரிபே பாய்ந்தான். "ஒரு வருஷமா எங்க காதுல பூ சுத்தியிருக்க. குடிக்கலங்கறதை மட்டும் எதை வச்சு நம்பறது? தொகுராவப் பாரு, தொகுராவப் பாருன்னு என்னைக் குத்திக் குத்திப் பேசினாங்களே, அது இதுதானா?"

"பொம்பளை குடிச்சா அது வேற விஷயம்" என்றாள் என் வரிசைக் கடைசியில் இருந்தவள். "புள்ளையப் பெத்தவ எப்படிக் குடிப்பா? எங்க வீட்டு ஆளோட கஷ்டத்தையெல்லாம் இவ காதுல போட்டேனே!"

"எந்திரிச்சுப் போகச் சொல்லுங்க, தலைவரே."

முரகிஷி கையைத் தூக்கினார். சத்தம் அடங்கியது. சுருட்டி வைத்திருந்த பத்திரத்தை எடுத்து, பிரிக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டார்.

"போகச் சொல்ற உரிமை இங்க யாருக்கும் கெடையாது" என்றார். "ஆனா சங்கத்துல தன் பேரைச் சொல்லிக் குடிகாரன்னு ஒத்துக்கிட்ட நாள்தான் மொத நாள். எல்லாருக்கும் அதான், எனக்கும் அதான். தொகுரா சான் இன்னிக்குத்தான் ஒத்துக்கிட்டாங்க. கஜிதானி சான், எழுதிக்கங்க."

முந்நூற்று அறுபத்தைந்து நாளை ஒரு கையசைப்பில் இறக்கிவிட்டார். மசுமி "சரி" என்றாள். உறுப்பினர் பத்தியில் தொகுரா ஷுஹெய் என்பதை அடித்துவிட்டுக் கீழே அவள் பெயரை எழுதினேன். நாள்: ஒன்று. அவள் பக்கத்தில் வந்து நின்று நான் எழுதுவதைக் கடைசி எழுத்துவரை பார்த்தாள். நான் கேட்டதுதான் நடந்தது. வியாழக்கிழமைத் திருப்தி அப்போது என்னிடம் இல்லை.

அதற்குப் பிறகும் அவளுக்கு உட்கார இடமில்லை. ஜன்னல் வரிசையிலிருந்து நாற்காலி தரையில் தேய்கிற சத்தம் வந்தது. இசாவோ எழுந்து, சுவரில் சாய்த்திருந்த மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துவந்து தன் பக்கத்தில் விரித்தார்.

"இந்தப் பக்கம் ஜன்னல் சரியா மூடாது. குளிரும்" என்றார் அவளிடம். "நீங்க நாலு மணிக் கதை சொன்னீங்களே. அது என் கதை. குடிக்காதவங்களுக்கு அது தெரியாது. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அன்றைக்கே தெரியுமாம். ஒரு வருஷமாக அறிந்திருந்து, கட்டியவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை! படியிறங்கும் முன் மறந்துவிட வேண்டும் என்ற விதியை ஊரிலேயே கடைப்பிடித்த ஒரே ஆள் என் வீட்டிலேயே இருந்திருக்கிறார்.

மசுமி போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அடுத்து குடும்பத்தார் முறை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மிஹோ தானே எழுந்தாள். குழந்தை சிணுங்கியது. தோளில் போட்டுத் தட்டினாள், அடங்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா?" என்று குழந்தையை என் கையில் கொடுத்தாள். யாரென்று தெரியாத என் கையில். அவள் அம்மா ஏழடி தூரத்தில் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

"மிஹோ. மக" என்றாள். "நாய் வந்துச்சுன்னு சொல்லுன்னு ஆஸ்பத்திரியில அம்மாதான் சொல்லிக்குடுத்தாங்க. இருவத்தி ரெண்டு வருஷமா எனக்கு நாய்னா பயம். வராத நாய்க்கு. அது இல்லன்னு அம்மா எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. இங்க உங்ககிட்ட வந்து சொல்லியிருக்காங்க, அதுவும் அப்பா பேர்ல."

யாரும் குறுக்கிடவில்லை. விதி திரும்பி வந்துவிட்டது.

"ஒரு வருஷம்னு சொல்லியிருந்தேன். இன்னிக்குத்தான் மொத நாள்னு நீங்க சொல்றீங்க. அம்மாவும் சரின்னுட்டாங்க. அப்ப அடுத்த வருஷம்தான். நான் சொன்ன பேச்சை நான் மாத்த மாட்டேன். எங்க வீட்ல பேச்சு மாத்தற ஆளுங்க ஏற்கெனவே இருக்காங்க."

மசுமி தலை குனியவில்லை. மகளையும் பார்க்கவில்லை. என் மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவந்த கைகள் இரண்டும் முழங்காலில், ஒன்றை ஒன்று பிடித்தபடி. குழந்தை என் மார்பில் முகத்தைப் புதைத்திருந்ததால் அவளுக்குத் தெரிந்தது பின்னந்தலை மட்டும்.

என்மேல் தப்பில்லை என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. பொய் சொன்னவள் அவள். என் வாயிலிருந்து வீட்டு வாடையைப் பிடுங்கியவள் அவள். குழந்தை கனமாக, சூடாக இருந்தது. பால் வாசனை அடித்தது.

தூக்கக் கூடாது என்றுதான் மகள் சொல்லியிருக்கிறாள். பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நான் குழந்தையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, அப்படியே திருப்பி, முகம் ஜன்னல் வரிசையைப் பார்க்கும்படி மடியில் உட்கார வைத்தேன். மிஹோ கவனித்தாள். தடுக்காமல் பேச்சைத் தொடர்ந்தாள்.

கூட்டம் முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. கொஞ்ச நேரத்திலேயே என் இடது கை மரத்துப்போயிற்று. மாற்றவில்லை.